இணைப்பில் சோலையம்மாள்

முத்துப்பேச்சி டிவிக்குள் போனது ஒரு சண்டையால்தான்.

2001ஆம் வருடம், தீபாவளிக்கு மறுநாள். நாடெல்லாம் வெடித்து முடித்த பிறகுதான் பட்டாசு ஊர்களுக்கு லீவு வரும். சாத்தூர் பக்கத்திலுள்ள கரிசல்மேட்டிலும் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. கம்பெனி வேன் வரவில்லை. ஊரே குளித்துச் சாப்பிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தபோது, திரையில் வெறும் புள்ளிகள்தான் ஓடின. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்த முத்துப்பேச்சி, மூன்று மணி பஸ்ஸில் ஏறிச் சாத்தூரில் கேபிள் ஆபீஸ் வைத்திருந்த பெத்தணன் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா சோலையம்மாளும் அவளும் ஒரே பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள். அம்மா திரி வைப்பாள், மகள் லேபிள் ஒட்டுவாள்.

"ஏன் அண்ணாச்சி, வருசத்துக்கு ஒரு நா காலை நீட்டி உக்காந்து டிவி பாக்கலாம்னு இருந்தோம். அன்னைக்குன்னு பாத்து வயரை அத்துப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வடை தின்னுக்கிட்டு இருக்கீகளே, இது உங்களுக்கே நல்லாருக்கா? எங்க ஊர்ல முப்பது வீட்டு ஆளுக ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காக. இப்பிடியே விட்டா சாயங்காலத்துக்குள்ள சண்டை வந்துரும்."

பெத்தணன் கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த வருடம்தான் அவர் உள்ளூர்ச் சேனல் ஒன்று ஆரம்பித்திருந்தார். மாடியில் ஒரு அறை, சுவரில் ஒரு நீலத் துணி, கல்யாணங்களுக்குப் படம் பிடிக்கும் கேமரா, ஒரு மேசை, மேசைமேல் ஒரு போன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள். நிகழ்ச்சியை நடத்திய பெண் தீபாவளிக்கு மதுரைக்குப் போனவள், அங்கேயே வேலை கிடைத்துவிட்டது, இனி வரமாட்டேன் என்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வயரை நான் இப்பவே ஆள விட்டுச் சரி பண்ணித் தாரேன்," என்றார் பெத்தணன். "நீ மாடிக்கு வந்து ஒரு மணி நேரம் நாக்காலில உக்காந்து இதே மாதிரி பேசு தாயி."

"யாருகிட்ட?"

"போன்ல வாரவுககிட்ட."

"என்னத்தப் பேசுறது?"

"இப்ப என்ன யோசிச்சா பேசுன?"

அவள் உட்கார்ந்தாள். முதலில் கூப்பிட்டவர் மல்லாங்கிணறிலிருந்து ஒரு விவசாயி. பாட்டுக் கேட்க வந்தவரிடம் மழை பெய்ததா, மல்லி விதைத்தாகிவிட்டதா என்று விசாரித்து, இந்த மழைக்கு எந்தப் பாட்டு நன்றாக இருக்கும் என்று அவரிடமே யோசனை கேட்டாள். அவர் போனை வைக்க மனசில்லாமல் வைத்தார். ஐந்தரைக்குக் கரிசல்மேட்டில் கேபிள் வந்தது. புள்ளிகள் மறைந்து படம் தெரிந்ததும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பிறகு டீக்கடைக்கு ஓடினாள். ஊரில் அங்கேதான் போன் இருந்தது.

"வணக்கம், யாரு பேசுறீக? எங்கன இருந்து?"

"நாந்தாண்டி, உங்கம்மா! கேபிள் வரலைன்னு சொல்லப் போனவ கேபிளுக்குள்ளயே போயி உக்காந்திருக்க?"

போனை வைத்துவிடலாமா என்று முத்துப்பேச்சி பெத்தணனைப் பார்த்தாள். அவர் கேமராவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சிதாம்மா உக்காரச் சொன்னாக."

"சரி, உக்காந்தது உக்காந்துட்ட. நெத்தி முடிய ஒதுக்கு. கண்ணே தெரியல."

ஒதுக்கினாள். முப்பது ஊர் ஜனம் அதைப் பார்த்தது. மறுநாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பூக்காரி அவளை நிறுத்தி, "உங்கம்மா இன்னைக்கும் பேசுவாகளா?" என்று கேட்டாள்.

சோலையம்மாள் பேசினாள். லீவு முடிந்து ஆலை திறந்த பிறகும், ஐந்தேகாலுக்கு வேனை விட்டு இறங்கிய கையோடு, அலுமினியப் பொடி ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்துவிடுவாள். அவளோடு வேனில் வந்த பெண்களும் சுற்றி நிற்பார்கள். மகளிடம் அவள் பாட்டுக் கேட்டதே இல்லை. மூன்றாவது வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொல்வாள். இன்றைக்கு நீ சிரித்தது அதிகம், பல்லு சுளுக்கிக்கொள்ளப் போகிறது என்பாள். "அண்ணாச்சிகிட்டச் சொல்லு, அந்த நீலத் துணிய மாசத்துக்கு ஒருக்காவாச்சும் தொவைக்கச் சொல்லு. பின்னால பல்லி எச்சம் தெரியுது," என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் பெத்தணன் துணியைத் துவைத்துத் தேய்த்து மாட்டியிருந்தார். அதையும் ஜனங்கள் போன் செய்து பாராட்டினார்கள்.

முத்துப்பேச்சி லேபிள் வேலையை விட்டாள். விருதுநகர் கடை திறப்பு, பங்குனிப் பொங்கல் மேடை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மைக் பிடிக்கப் போனாள். 2003இல், சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சிவகாசி வந்து லாட்ஜில் தங்கியிருந்த இராமகிருஷ்ணன் என்பவர் தற்செயலாக அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். சென்னையில் ஒரு பாட்டுச் சேனலில் தயாரிப்பாளர் அவர். ரயிலை விட்டுவிட்டு மறுநாள் பெத்தணனின் மாடிக்கு வந்து, முத்துப்பேச்சியைத் தன் சேனலுக்குக் கூப்பிட்டார்.

பெத்தணன் முத்துப்பேச்சியிடம், "போ தாயி," என்றார். "இங்கன இருந்தா முப்பது ஊருதான் உன்னப் பாக்கும். அங்கன போனா எல்லா ஜில்லாவும் பாக்கும். நான் வேற ஆளத் தேடிக்கிறேன். கெடைக்காது, ஆனா தேடிக்கிறேன்."

சென்னையில் முதல் மூன்று மாதமும் அவளைக் கேமரா முன்னால் நிறுத்தவில்லை. ஒரு டீச்சர் வந்து 'ழ' சொல்லிக்கொடுத்தார். வாளப்பளம் வாழைப்பழமாக நாற்பது நாள் ஆனது. 'இருக்கீக' போய் 'இருக்கீங்க' வந்தது. கடைசியில் பெயரும் போனது. "முத்துப்பேச்சின்னா டைட்டில்ல நிக்காதும்மா," என்றார் இராமகிருஷ்ணன். கெட்ட மனிதர் இல்லை, வேலைக்காரர். "ப்ரீத்தின்னு வச்சுக்கலாம். எந்த ஊர், அம்மா அப்பா என்ன பண்றாங்க, இதெல்லாம் யாராவது கேட்டா சிரிச்சிட்டு விட்டுடு. பாக்கிறவங்களுக்கு நீ அவங்க பக்கத்து வீட்டுப் பொண்ணா தெரியணும். ஒரு ஊர்க்காரியா தெரியக்கூடாது."

முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஹாஸ்டல் போனில் அம்மாவிடம் அதைச் சொன்னாள்.

"பேச்சின்னா என்ன கொறை? சாமி பேரு," என்றாள் சோலையம்மாள்.

"கொறையெல்லாம் இல்லம்மா. இங்கன அப்பிடித்தான்."

"சரி. சாமிக்கு ஒன்னும் ஆகாது, விடு. நாளைக்கு அஞ்சு மணிக்கா? நம்பர் கீள ஓடுமா?"

முத்துப்பேச்சி தயங்கினாள். "யம்மா, அங்கன மாதிரி இங்க போன் போட்றாத. சார் வைவாரு."

"நான் ஏன் போடப் போறேன்? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் சோலையம்மாள். அதைச் சொன்ன விதம் முத்துப்பேச்சியின் காதில் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் நிகழ்ச்சி நன்றாகப் போனது. ஒரு வருடத்தில் ப்ரீத்தியைத் தெரியாத வீடு இல்லை. அவளைப் போலக் காதில் பெரிய வளையம் போட்டுக்கொண்டு பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள். 2005ஆம் வருடத்துக்குச் சிவகாசியில் அச்சடித்த ஒரு காலண்டரில் அவள் படம் வந்தது. விருதுநகர் பருப்புக்கடை ஒன்று அதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. சோலையம்மாள் துவரம்பருப்பு வாங்கப் போய் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கி வந்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஆலையில் பெண்கள் சாப்பிடும் இடத்திலும் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் பேசுவாள். நிகழ்ச்சிக்கு ஒருநாளும் கூப்பிடவில்லை. வேனை விட்டு இறங்கி, டீக்கடை டிவிக்கு முன்னால் மற்றவர்களோடு நின்று, திரைக்குக் கீழே அந்த நம்பர் ஓடுவதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த 2005ஆம் வருடம் ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை. மூன்றரை மணிக்கு முத்துப்பேச்சி மேக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த டிவியில் செய்திச் சேனலின் கீழ்வரி ஓடியது: சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில் வெடிவிபத்து, ஐந்து பேர் பலி.

எந்த ஆலை என்று போடவில்லை.

அவள் எழுந்து மேக்கப் அறைப் போனிலிருந்து டீக்கடைக்குப் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. பெத்தணனுக்குப் போட்டாள், எங்கேஜ்ட். மறுபடி டீக்கடை, மறுபடி பெத்தணன். ஒரு தடவை தப்பு நம்பருக்குப் போய், யாரோ ஒரு பெரியவர் "ராங் நம்பர்" என்று அமைதியாகச் சொன்னார். நாலே முக்காலுக்கு இராமகிருஷ்ணன் வந்து பார்த்தார்.

"சார், எங்கம்மா பயராபீசுல, பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குறாங்க. அந்தப் பக்கம்தான்."

அவருக்கு முகம் மாறியது. இரண்டு வருடத்தில் அவர் அவளுடைய அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டதே இல்லை. "வேற யாரையாவது உக்கார வைக்கவா? கால் மணி நேரத்துல யாரும்…" என்று இழுத்தார்.

"வேண்டாம் சார். சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும். நான் பண்றேன். வெளியில இருந்து அந்த ரெண்டு நம்பரையும் யாரையாவது அடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

ஐந்து மணிக்குச் சிரித்தாள். வணக்கம் சொன்னாள். கோயம்புத்தூரிலிருந்து பேசியவருக்கு ஒரு பாட்டு, வேலூரிலிருந்து பேசியவருக்கு ஒரு பாட்டு. பாட்டு ஓடும் நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பாள். போன் அடித்துக்கொண்டிருந்த பெண் உதட்டைப் பிதுக்குவாள்.

அதே நேரம் கரிசல்மேட்டு டீக்கடையில் சோலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வெடித்தது அவள் ஆலை இல்லை, இரண்டு மைல் தள்ளி. சத்தம் கேட்டதுமே எல்லா ஆலைகளும் பெண்களை வெளியே அனுப்பிவிட்டன. ரோட்டில் ஆம்புலன்ஸும் போலீசும் நிறைந்து வேன் வர முடியாததால், வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். போன் முன்னால் பெரிய கூட்டம். அவள் முறை வந்ததும் ஹாஸ்டலுக்குப் போட்டாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். சேனல் ஆபீஸ் நம்பர் அவளிடம் கிடையாது. நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் சோலையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

"புள்ளைக்குச் சேதி தெரிஞ்சிருச்சு," என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். திரைக்குக் கீழே ஓடிய நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். இருபது தடவை எங்கேஜ்ட். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் அவளை நகரச் சொல்லவில்லை.

ஐந்தே முக்காலுக்கு, அடுத்த நேயரின் பெயரைக் காட்டும் சின்னத் திரையில் முத்துப்பேச்சி படித்தாள்: சோலையம்மாள், சாத்தூர்.

"வணக்கம்…" என்றாள்.

"வணக்கம்மா." அம்மாவின் குரல்தான், ஆனால் யாரோ மூன்றாம் மனுஷியிடம் பேசுவதுபோல அடக்கமாக இருந்தது. "நான் சாத்தூர் பக்கம் கரிசல்மேட்டுல இருந்து பேசுறேன். எம் பேரு சோலையம்மா. பயராபீசுல திரி வைக்கிற வேலை பாக்குறேன். எனக்குப் பாட்டு வேண்டாம்மா. ஒரு சேதி சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்கு ஒரு மக இருக்கா. மெட்ராசுல வேலை பாக்குறா. இன்னைக்கு எங்க பக்கம் ஒரு கம்பெனில வெடிச்சிருச்சு. அவ அதப் பாத்துட்டுப் பயந்துக்கிட்டு இருப்பா. அவ இந்த நிகழ்ச்சியப் பாப்பா. நீங்க அவகிட்டச் சொல்லிருங்க. அது எங்க கம்பெனி இல்ல. எனக்கு ஒன்னும் ஆகல, நான் நல்லா இருக்கேன். அவ தைரியமா வேலையப் பாக்கட்டும். அம்புட்டுதாம்மா. வச்சிரட்டா?"

"வச்சிராத!"

ஸ்டுடியோவில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"வச்சிராதம்மா. நான் பேச்சி பேசுறேன்."

"ஏட்டி," என்றாள் சோலையம்மாள் குரலைத் தாழ்த்தி, "டிவில இருக்க. எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்." முத்துப்பேச்சி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். மை கன்னத்தில் இறங்கியது. "உன்கூட யாரு யாரும்மா இருக்காக? எல்லாரும் வந்துட்டாகளா?"

"எங்க வேன்ல போன பதினெட்டுப் பேரும் வந்துட்டோம்."

"பேரச் சொல்லு."

சோலையம்மாள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, வெளியூரிலிருந்த அவர்களுடைய பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் டிவி முன்னால் நிம்மதியோடு உட்கார்ந்தார்கள். பிறகு போன் கை மாறியது. "நான் லட்சுமிகாந்தம் பேசுறேன், நல்லா இருக்கேன், கோவில்பட்டில இருக்கிற எந்தம்பிக்குச் சொல்லிருங்க." "நான் பானுப்பிரியா. திருப்பூர்ல எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லுங்க, அவுக கெளம்பி வர வேண்டாம்."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அறையில் போன் அடித்தது. நிர்வாகத்திலிருந்து. இராமகிருஷ்ணன் கேட்டுக்கொண்டார். "ஆமா சார். தெரியும் சார். இல்ல சார், நிறுத்தல," என்று சொல்லி வைத்துவிட்டு, முத்துப்பேச்சியின் காதுக் கருவியில் பேசினார். "ஆறு மணிப் படத்தைத் தள்ளி வச்சாச்சு. நீ பேசு."

ஏழரை மணி வரை அவள் பேசினாள். ஒரு பாட்டுகூடப் போடவில்லை. ஆறரை சுமாருக்குத் திருப்பூரிலிருந்து முனியராஜ் என்று ஒருவன் வந்தான். அவன் தங்கை எழில் அந்த வெடித்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். "ஏதாவது தெரியுமாக்கா?" என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். "லைன்லயே இரு தம்பி, வைக்காத," என்றாள்.

அப்போதுதான் பெத்தணன் கிடைத்தார். அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு செல்போனில் பேசினார். சேர்த்திருந்தவர்களின் பெயர்களை வார்டு வாசலில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பதினோரு பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒன்பதாவது பெயர் எழில். "கையில காயம். பேசுறா. தண்ணி கேட்டா, குடுத்தோம்."

முனியராஜ் அழுத சத்தம் நாடு முழுக்கக் கேட்டது.

"மத்தவுக பேரு அண்ணாச்சி?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"அத நான் டிவில சொல்ல மாட்டேன் தாயி. அந்தந்த வீட்டுக்கு ஆள அனுப்பிருக்கேன். வீட்டுல போயிச் சொல்றதுதான் மொறை."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

இறந்தவர்கள் ஏழு பேர். அதில் ஒருத்தி, முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வருடம் லேபிள் ஒட்டியவள். கல்யாணமாகி அந்த ஆலைக்கு மாறிப் போயிருந்தாள். மறுநாள் காலை முத்துப்பேச்சி ரயிலிறங்கி, மேக்கப் இல்லாத முகத்தோடு, அம்மாவுடன் அந்த வீட்டுக்குப் போனாள். அங்கே அவளை யாரும் டிவிக்காரியாகப் பார்க்கவில்லை. ஒரு அக்கா நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்த பெண்களோடு சாயங்காலம் வரை இருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் எழிலைப் பார்த்தாள். இரண்டு கையிலும் கட்டோடு படுத்திருந்த எழில், "யக்கா, நேர்ல பாத்தா நீங்க இம்புட்டுக் குட்டையா?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சென்னை திரும்பியபோது வேலை இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தது. விளம்பரம் கொடுத்த ஒரு கம்பெனி விலகியிருந்தது. நிர்வாகத்தில் இராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். ஆனால் அவர் மேசையில் மூன்று சாக்கு நிறையக் கடிதம் கிடந்தது. அவர் அவளைப் பார்த்ததும் ஒரு பேப்பரை நகர்த்தினார்.

"டைட்டில் மாத்தணும். உன் பேரை நீயே எழுதிக்கொடு. எனக்கு இந்த 'பேச்சி'க்கு முன்னால 'ப்' வருமா வராதான்னு சந்தேகம்."

எழுதிக்கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் தன் பெயரிலேயே வந்தாள், தன் பேச்சிலேயே பேசினாள். 'ழ' மட்டும் போகவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கற்றதை ஏன் விட வேண்டும் என்று வைத்துக்கொண்டாள். புதன்கிழமைகளில் சோலையம்மாளுக்கு ஒரு லைன் ஒதுக்கினார்கள். ஆடு, மழை, ஆலையில் புதுசாக வந்த சூப்பர்வைசரின் மீசை என்று அவள் சொல்வதைக் கேட்க ஜனம் காத்திருந்தது. ஆலைகளில் வெயில் நேரத்து வேலையைப் பற்றியும், கையுறை தராததைப் பற்றியும் அவள் ஒருநாள் பேசியபோது, பேசி முடித்து வைத்த பிறகுதான் இராமகிருஷ்ணன் மூச்சு விட்டார்.

2008இல் முத்துப்பேச்சி வடபழனியில் ஒரு பிளாட் வாடகைக்கு எடுத்து, அம்மாவை வற்புறுத்தி வேலையை விடவைத்துக் கூட்டி வந்தாள். அம்மாவுக்கு இங்கே பொழுது போகாதே என்றுதான் அவளுக்குப் பயம். அம்மா வருவதற்கு முன்னால் முத்துப்பேச்சி அந்தக் கட்டடத்தில் ஆறு மாதம் தனியாக இருந்திருக்கிறாள். டிவியில் வருகிறவள் என்று எட்டிப் பார்ப்பார்களே தவிர யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பத்து நாள் வெளியூர்ப் படப்பிடிப்பு முடிந்து வந்தபோது, லிப்டில் மூன்றாம் மாடி அம்மாள் ஒருத்தி ஏறினாள். கையில் மூடிபோட்ட பாத்திரம். முத்துப்பேச்சியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க நாலாவது மாடியா?"

"ஆமாங்க."

"அப்ப சோலையம்மா பொண்ணு நீங்கதானா!" என்றாள் அந்த அம்மாள் சந்தோஷமாக. "இந்தாங்க, வத்தக்குழம்பு. உப்பு சரியா இருக்கான்னு அவங்களைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க. நேத்து என்னைத் திட்டிட்டாங்க."

முத்துப்பேச்சி பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்ததால் துப்பட்டாவை மடித்துப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடியில் இறங்கினாள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.